வேப்பங்குழை கட்டிய லயம்

என் பிள்ளைகளில் ஒருவன் இரண்டு முறை தும்மினால் மூன்றாவது தும்மலுக்காகக் காத்து நிற்பவள் நான். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன், கழுத்தில் வைத்துப் பார்ப்பேன். பிறகு என் கைதான் குளிர்ந்து கிடக்கிறதோ என்ற சந்தேகம் வந்து, கையை அடுப்பில் காட்டிவிட்டு மறுபடியும் வைத்துப் பார்ப்பேன். காய்ச்சல் தனக்கா எனக்கா என்று மூத்தவன் கேலி செய்கிறான். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிற ஆசிரியை வீட்டில் இப்படி நடுங்குவது அவர்களுக்கு வேடிக்கைதான். ஒரு காய்ச்சல் வந்தால் அது உடம்பை மட்டும் பிடிப்பதில்லை, அக்கம்பக்கத்தையும் பிடிக்கும் என்பதை எட்டு வயதிலேயே பார்த்துவிட்டேன். அதுதான் காரணம்.

ஐம்பத்தேழாம் வருடம் உலகமெல்லாம் ஒரு காய்ச்சல் சுற்றி வந்தது. உலகத்தைச் சுற்றியது என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்த உலகம் இலங்கையின் கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வீட்டுக்கு ஒரு அறையாகப் பத்துக் காம்பராக்கள் ஒட்டி நின்ற எங்கள் லயம்தான். அந்த உலகத்துக்குக் காய்ச்சலைக் கொண்டுவந்தவர் என் மாமா.

மாமா அம்மாவுக்குத் தம்பி. எங்கள் காம்பராவிலேயே இருந்தார். தோட்டத்தில் பெயர் பதியாமல், கந்தப்பளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் லொறியில் கையாளாகப் போய்க்கொண்டிருந்தார். கோவா, லீக்ஸ் என்று மலைக்காய்கறி ஏற்றிக்கொண்டு மாத்தளைக்கு இறங்குவார்கள். தேங்காயும் செத்தல் மிளகாயும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். தோட்டத்துக்கு வெளியே வேலை பார்த்ததாலும், கோயில் பக்கம் போகாததாலும், சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாளையெல்லாம் விரித்துப் படித்ததாலும் அவருக்கு லயத்தில் நல்ல பெயர் இல்லை. அந்த ஆனி மாதத்தில் ஒரு நாள் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வந்து படுத்தார். நான்கு நாள் கிடந்தார். ஐந்தாம் நாள் எழுந்து லொறிக்குப் போய்விட்டார். அவர் எழுந்த பாயில் அம்மா படுத்தாள்.

அப்போது அப்பா இல்லை. தாத்தாவின் கருமாதிக்கு இந்தியாவுக்குப் போனவர், திரும்பும் வழியில் மண்டபம் கேம்பில் நாளெண்ணிக்கொண்டிருந்தார். அக்கரையிலிருந்து வருகிறவர்களை நோய் பார்த்துத்தான் கப்பல் ஏற்றுவார்கள். அவர் நோயில்லாமல் அங்கே அடைபட்டிருந்தார், நாங்கள் நோயோடு இங்கே இருந்தோம். வீட்டில் அம்மா, இரண்டு வயதுத் தம்பி, நான், போய்ப்போய் வரும் மாமா.

லயத்துக் காம்பராக்களுக்கு நடுவே இருக்கிற சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் திறந்தே கிடக்கும். ஒரு வீட்டுத் தாளிப்பில் அடுத்த வீடு தும்மும். ஒரு வீட்டுச் சண்டைக்கு மூன்றாவது வீடு தீர்ப்புச் சொல்லும். அம்மா இருமத் தொடங்கிய இரண்டாம் நாள் பக்கத்துக் காம்பராக்காரர் ஏணி வைத்து ஏறி, அந்தத் திறப்பில் சாக்குகளைக் கட்டினார். மறுநாள் மறுபக்கத்துக்காரரும் கட்டினார். கூரையிலிருந்து தொங்கிய சாக்குகளுக்கு நடுவே எங்கள் காம்பரா பகலிலும் இருட்டாகிவிட்டது. அம்மா இருமல் வரும்போது சேலையை வாயில் திணித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள்.

கீழ் லயத்தில் ஒரு கிழவரும் ஒரு கைக்குழந்தையும் போய்விட்டார்கள் என்று செய்தி வந்த அன்று நான் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். மலையூற்றைக் குழாய் வழியே இறக்கி விட்டிருக்கும் அந்தப் பீலிதான் எங்கள் லயம் முழுமைக்கும் தண்ணீர். அங்கே, ஆட்களை வேலை வாங்குகிற கங்காணியின் மனைவி நின்றிருந்தாள். அவளைக் கங்காணியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பீலியடியில் அவள் வைத்ததுதான் வரிசை. என் குடத்தைக் கையால் தொடவில்லை, காலாலும் தள்ளவில்லை. அதைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"ஒங்க வீட்டுக் கொடத்த இங்க வைக்காத புள்ள. லொறியில ஏறி வந்த சீக்கு எங்க புள்ளைங்களுக்கு வேணாம்."

மற்றப் பெண்கள் தங்கள் குடங்களை நகர்த்திக்கொண்டார்கள். அவர்களில் இருவர் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். நான் தேயிலைச் சரிவில் இறங்கி, ஓடையில் கலங்கல் தண்ணீரை மொண்டுகொண்டு வந்தேன். வழியில் வழுக்கி விழுந்து பாதி கொட்டிப்போனது. அம்மா கேட்டபோது பீலியில் கூட்டம் என்று சொன்னேன். அம்மாவுக்கு நான் சொன்ன முதல் பொய் அது.

அன்று மாலை கங்காணி வந்தார். வாசலில் ஏறவில்லை. மழையில் குடையைப் பிடித்தபடி தூரத்தில் நின்றே மாமாவிடம் பேசினார். லயத்து ஆட்கள் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்களாம். இந்த வீட்டை வைத்துக்கொண்டு அவர்கள் வேலைக்கு இறங்க மாட்டார்களாம். ஓடைக்கு மேலே பழைய மாட்டுக் கொட்டகை சும்மாதானே கிடக்கிறது. சுகமாகும் வரை அங்கே வைத்துக்கொள்ளலாம். நாளை மறுநாள் காலையில் நான்கு பேரோடு கட்டிலைக் கொண்டுவருவதாகச் சொன்னார். சொன்னவர் கெட்டவர் அல்ல. அவர் முகத்தில் இருந்தது பயம் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அது கோபமாகத்தான் தெரிந்தது.

அந்தக் கொட்டகைக்கு இரண்டு பக்கம்தான் சுவர். தகரம் பாதிக்கு மேல் பறந்துவிட்டது. ஆனி மாதத்து மழையும் காற்றும் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகும். மாமா விடிவதற்குள் எழுந்து கந்தப்பளைக்கு நடந்துவிட்டார். அவர் எங்களை விட்டு ஓடிவிட்டார் என்று பக்கத்து வீட்டில் பேசியது சாக்குக்கு இந்தப்பக்கம் தெளிவாகக் கேட்டது. அன்று பகல் முழுவதும் அம்மாவின் நெற்றியில் ஈரத்துணி போடுவதும், தம்பி பாயருகே போகாமல் இழுத்துப் பிடிப்பதுமாக நான் இருந்தேன். அம்மா என்னை என் பெயரால் கூப்பிடாமல், செத்துப்போன தன் அக்காவின் பெயரால் கூப்பிட்டாள். நான் அதற்கும் "என்னம்மா" என்றேன்.

அந்தி சாயும்போது மாமா வந்தார். தோளில் ஒரு சாக்கு மூட்டை. அவிழ்த்தபோது காம்பரா முழுவதும் கசப்பாக மணத்தது. வேப்பங்குழை.

எங்கள் மலையில் வேம்பு முளைக்காது. அந்தக் குளிர் அதற்கு ஒத்துவராது. திருவிழாவுக்கு வேண்டுமென்றாலும் கீழேயிருந்துதான் வரவேண்டும். மாத்தளையிலிருந்து திரும்பும் வழியில் லொறியை நிறுத்தச் சொல்லி மாமா மரத்தில் ஏறியிருக்கிறார். லொறியில் கூட வந்த நானா எதற்கென்று கேட்கவில்லையாம். "ஒங்கட சாமிய நீ நம்புறல்லண்டு ஊரெல்லாம் சொல்லுது. மரத்துல மட்டும் நல்லா ஏறுறாய்" என்று மட்டும் சொன்னாராம். கடையில் இறங்கியதும் மஞ்சளும் நாலு தேசிக்காயும் ஒரு இளநீரும் தானாகவே சுற்றிக் கொடுத்தாராம்.

மாமா வாசல் நிலை முழுவதும் குழையைக் கட்டினார். ஒரு சட்டியில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வாசலில் வைத்தார். அம்மா பாயிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அப்போது கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

"எனக்கு அம்மை முத்து ஒண்ணும் போடலயே தம்பி."

"பேசாம படுங்க அக்கா."

"பொய்யா கட்டுனா ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?"

"கோவிச்சா எம்மேல கோவிக்கட்டும்."

பிறகு என்னைக் கூப்பிட்டு, யார் கேட்டாலும் ஆத்தா வந்திருக்கிறாள் என்று மட்டும் சொல்ல வேண்டும், வேறு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றார். நான் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அதைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் காலை கங்காணி நான்கு பேரோடு வந்தார். அவர்கள் தோளில் கட்டில் இருந்தது. முகத்தில் துண்டைக் கட்டியிருந்தார்கள். லயத்துச் சனம் அவரவர் வாசல் தாழ்வாரத்து இஸ்தோப்பில் நின்று பார்த்தது. மாமா வாசற்படியில் சட்டையில்லாமல், இடுப்பில் மஞ்சள் துணியோடு உட்கார்ந்திருந்தார். நான்கு பேரும் குழையைக் கண்டதும் கட்டிலை இறக்கிவிட்டார்கள். கங்காணி தலைப்பாகையைக் கழற்றினார். கழற்றிவிட்டுத்தான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"நீயாடா கொழ கட்டுன? கோயிலுக்கே வராத பய."

"எனக்கு நம்பிக்கை இல்லீங்க. அக்கா மேல எறங்கியிருக்கா. நம்பாதவன் வீடாப் பாத்து மொதல்ல வருவா போலிருக்கு." மாமா எழுந்து வழிவிட்டு நின்றார். "தூக்குறதுன்னா தூக்குங்க. தூக்குற கையில என்னா வரும்னு எனக்குத் தெரியாது."

நான்கு பேரில் யாரும் அசையவில்லை. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. அந்த நான்கு பேரும் வெறுங்கட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பியதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் வேறு எதிலும் வந்ததில்லை. நான் சிரித்துவிடக்கூடாது என்று கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டேன்.

ஆனால் மாமாவின் கணக்கில் ஒரு ஆள் விடுபட்டிருந்தார். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரி ஐயா. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பேசும் தமிழே வேறு மாதிரி இருக்கும். காய்ச்சல்காரர்கள் வீட்டோடு இருக்க வேண்டும், ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று அவர் பத்து நாளாக லயம் லயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. நோய் விசாரிக்கப் போகாவிட்டால் உறவு என்ன உறவு என்று எல்லோரும் எல்லா வீட்டுக்கும் போய் வந்தார்கள், எங்கள் வீட்டைத் தவிர. இப்போது அம்மை என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் மதியத்துக்குள் குடைகூட இல்லாமல் ஓடிவந்தார். பெரியம்மையாக இருந்தால் அவர் மேலே எழுதியாக வேண்டும், ஆம்புலன்ஸ் வரும், அம்மாவைத் தூர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். கொட்டகைக்குத் தப்பி அங்கே மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்பது மாமாவுக்கு அவர் படியேறும்போதுதான் உறைத்தது. மாமாவின் முகம் வெளுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

டிஸ்பென்சரி ஐயா அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். கழுத்து, முதுகு, உள்ளங்கால் எல்லாம் பார்த்தார். காதுக்குழாயை வைத்து மூச்சைக் கேட்டார். பிறகு நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே கங்காணியும் அவருக்குப் பின்னால் பாதி லயத்தாரும் நின்றிருந்தார்கள். என் வாயில் ஆத்தா வந்திருக்கிறாள் என்ற வாக்கியம் தயாராக இருந்தது. அவர் என்னிடம் கேட்கவில்லை. மாமாவிடம் மெதுவாக, அந்தக் கொட்டிலில் போட்டால் இரண்டு நாளும் தாங்காது என்று சொன்னார். மாமா தலையை ஆட்டினார்.

வாசலுக்கு வந்ததும் கங்காணி, அம்மைதானுங்களா என்று கேட்டார். டிஸ்பென்சரி ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பெரியம்மை எண்டால் நான் எழுதியிருப்பன். எழுதேல்லை. அம்மன்ர விசயம் எனக்குத் தெரியாது. ஆனா குழை கட்டின வீட்டுக்குள்ள ஒருத்தரும் போகப்படாது, உள்ளுக்க இருக்கிற ஆக்களும் வெளிய வரப்படாது. தண்ணியும் கஞ்சியும் வாசல்ல கொண்டுவந்து வையுங்கோ. இதுதான் முறை எண்டு உங்களுக்குத்தானே தெரியும்."

அது எல்லோருக்கும் தெரியும். பத்து நாளாக அவர் சொல்லி யாரும் கேட்காத அதே வார்த்தைகள், இப்போது காலங்காலமாகத் தெரிந்த முறையாகிவிட்டன.

அன்று மாலை எங்கள் வாசலில் ஒரு குடம் தண்ணீர் இருந்தது. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். கங்காணியம்மா குடத்தை இறக்கிவிட்டு, கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தாள். இரண்டு நாளுக்கு முன் என் குடத்தை வைக்கவிடாத அதே பீலித் தண்ணீர். அம்மாவுக்கு ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, தண்ணீர் ஏன் இன்றைக்கு இவ்வளவு இனிப்பாக இருக்கிறது என்று கேட்டாள்.

அடுத்த வாரத்துக்குள் காய்ச்சல் லயம் முழுவதும் பரவியது. சாக்குக் கட்டியவர்கள் வீட்டில்தான் முதலில். பக்கத்துக் காம்பராக்காரர் சாக்கின் ஓரத்தைத் தூக்கி, குழையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று மாமாவிடம் கேட்டார். மாமா கொடுத்தார். மறுநாள் கங்காணி வீட்டிலிருந்தே ஆள் வந்தது. அவருடைய ஒரே மகன் விழுந்துவிட்டான். நானாவின் லொறி அதற்குப் பிறகு மாத்தளையிலிருந்து வரும்போதெல்லாம் தேங்காய் மூட்டைக்கு மேல் ஒரு பச்சைக் கட்டோடுதான் வந்தது. பத்துக் காம்பராவில் எட்டில் குழை தொங்கியது. ஒரு நாள் தோட்டத்துத் தொரை ஜீப்பில் போகும்போது இதென்ன அலங்காரம் என்று கிளாக்கரிடம் கேட்டாராம். திருவிழா என்று அவர் சொல்லிவிட்டாராம்.

திருவிழாதான் ஒரு வகையில். குழை கட்டிய வீட்டருகே தாளிக்கக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது, சண்டை போடக்கூடாது. கங்காணியம்மாவின் குரல் மூன்று வாரம் கேட்கவில்லை. குடித்துவிட்டு மனைவியை அடிக்கிற ஒருவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஆத்தா ஆத்தா என்று அழுது தீர்த்தார். எழுந்து நடக்க முடிந்தவர்கள் முடியாதவர்களுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். அம்மா தேறி எழுந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முதல் வேலையாக ஒரு பானை கஞ்சி காய்ச்சினாள். மாமாவும் நானும் வாசல் வாசலாக அதை வைத்துவிட்டு வந்தோம். யார் வீட்டு வாசலில் முதலில் வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். கங்காணி வீட்டில் என்று அம்மா சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

எங்கள் லயத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. இதை இன்னொரு முறையும் எழுதிவிடுகிறேன். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த முதல் வெள்ளிக்கிழமை, குழை கட்டிய வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதென்று கங்காணியம்மா முடிவு செய்தாள். ஆத்தா இறங்கிவிட்டாள் என்பதற்கு அதுதான் அடையாளம். தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடேற்றுவதுதான் வழக்கம். அந்த வெயில் போதாததால் அடுப்பில் காய்ச்சி, வானத்துக்கு ஒரு முறை காட்டிவிட்டு, மஞ்சளும் வேப்பிலையும் போட்டார்கள். ஆண்கள் மேலே ரோட்டுக்குப் போய்விட்டார்கள். பீலியடியில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும்.

முதல் தண்ணீர் அம்மாவுக்கு. ஊற்ற வந்தவள் கங்காணியம்மா. அப்போதுதான் எனக்கு அம்மாவின் முதுகு ஞாபகம் வந்தது. மாமாவும் இதை யோசிக்கவில்லை, அம்மாவும் யோசிக்கவில்லை. அம்மா சேலையை மார்போடு கட்டிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள். தோளும் முதுகும் கையும் வெயிலில் வெளுப்பாக, சுத்தமாக இருந்தன. ஒரு முத்து இல்லை, முத்து இருந்த தடமும் இல்லை. கங்காணியம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்த முதுகைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். இனி கொட்டகைதான், இனி எங்களைத் தோட்டத்தை விட்டே துரத்திவிடுவார்கள் என்று நான் தம்பியின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

அவள் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் அம்மாவின் தலையிலிருந்து முதுகில் இறங்கியது.

"நல்லா பாத்துக்கங்கடி. வந்த எடம் தெரியாம எறங்கிட்டா. ஒரு வடு வைக்கல ஆத்தா."

யாரோ ஒருத்தி குலவை போட்டாள். பிறகு எல்லோரும் போட்டார்கள். மலை அதைத் திருப்பிப் போட்டது. கங்காணியம்மா அம்மாவின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்து, கையைப் பிடித்து எழுப்பி, பீலி வரிசையில் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள். பிறகு தன் மகனை அதே கல்லில் உட்கார வைத்துச் சட்டையைக் கழற்றினாள்.

எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. மாமாவிடம் சொல்லியாக வேண்டும். தேயிலை நடுவே குறுக்குப் பாதையில் மேலே ஓடினேன். ரோட்டோரம் மற்ற ஆண்களை விட்டுத் தள்ளி நின்றிருந்தவரின் கையைப் பிடித்து இழுத்து, யாரும் கண்டுபிடிக்கவில்லை, எல்லோரும் நம்பிவிட்டார்கள், நாம் ஜெயித்துவிட்டோம் என்று காதில் சொன்னேன். கங்காணியம்மாவைப் போல ஒரு ஏமாளி உண்டா என்றும் சொன்னேன். மாமா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கீழே பீலியடியைப் பார்த்துக்கொண்டே நின்றார்; துண்டால் முகத்தைத் துடைத்தார்.

நானும் அவரோடு நின்று பார்த்தேன். கங்காணி மகன் கல்லிலிருந்து எழுந்து ஓடினான். அடுத்தவர் உட்கார்ந்தார். பக்கத்துக் காம்பரா அக்கா, அவளுடைய இரண்டு பெண்கள், கடைசிக் காம்பராக் கிழவி, அம்மாவோடு நிரை பிடிக்கிறவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு முதுகிலும் கங்காணியம்மா தண்ணீர் ஊற்றினாள். ஒவ்வொரு முதுகுக்கும் குலவை எழுந்தது. வெயில் நன்றாக விழுந்திருந்தது. எட்டு வீட்டு முதுகுகளில் ஒன்றில்கூட ஒரு வடு இல்லை. ஊற்றியவளும் குலவை போட்டவர்களும் பார்த்தார்கள், நானும் எல்லாவற்றையும் என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்துக்கொண்டே, நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு லயத்தையே ஏமாற்றிவிட்டோம் என்று மாமாவின் கையைப் பிடித்துக் குதித்தேன்.